கொடுத்ததை எழுதிவைக்கும் நோட்டு

கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சூஃபிகள் எனப்படும் இஸ்லாமிய ஞானிகளின் பொன்மொழிகளைப் படித்துவிட்டு, சில மாதங்களாக எல்லோரிடமும் அன்பாக, சுயநலம் இல்லாமல் நடக்க முயல்கிறீர்கள். நீங்கள் முஸ்லிம் இல்லை. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் தன் வேலையையும் உங்கள் தலையில் கட்டுகிறார், நீங்கள் மறுப்பதில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் ஓர் இல்லத்துக்கு அனுப்புகிறீர்கள். முதலில் இருந்த நிறைவு போய் இப்போது எரிச்சல்தான் மிச்சம் என்றும், 'இவ்வளவு செய்கிறோமே, நமக்கென்று யார் இருக்கிறார்கள்' என்று ராத்திரியில் தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த எரிச்சலைப் பார்த்தால் செய்த நல்லது எல்லாமே பொய்யோ என்று வேறு சந்தேகம். இதற்குச் சூஃபிகள் தினப்படி என்ன செய்தார்கள், கோபத்தை என்ன செய்வது, முஸ்லிம் இல்லாமல் இதெல்லாம் முடியுமா, எங்கே தொடங்குவது என்பது கேள்வி. கடைசியில், போகிற போக்கில், தங்கையின் சங்கிலியைப் பற்றி ஒரு வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்பாக இருப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. அது உங்களுக்கு வருகிறது, செய்கிறீர்கள். கொடுத்த பிறகு மனசு உட்கார்ந்து எழுதுகிற கணக்கு நோட்டை எப்படி மூடுவது என்றுதான் கேட்கிறீர்கள். இதைப் பிரித்துச் சொல்லக் காரணம், சூஃபி நூல்கள் முதல் கேள்விக்குக் கொஞ்சம்தான் பதில் வைத்திருக்கின்றன. இரண்டாவதற்கு ஏராளம்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன், எதை எடுப்பது எதைத் தள்ளுவது என்று நீங்கள் முடிவு செய்ய உதவும். கல்லூரியில் 26 ஆண்டுகள் அரபும் பாரசீகமும் நடத்தி ஓய்வு பெற்றவன். ஷைகு, அதாவது சூஃபி குரு, இல்லை. யாரையும் முரீதாக, அதாவது சீடராகச் சேர்த்துக்கொள்ளும் தகுதி எனக்குக் கிடையாது. எங்கள் ஊர் தர்காவில் வியாழன் இரவுகளில் நேர்ச்சைச் சோறு பரிமாறும் ஆட்களில் ஒருவனாக ரொம்ப நாள் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். பழைய நூல்களில் என்ன இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். அது உங்களுக்குக் கைகொடுக்குமா என்று சொல்லும் இடமெல்லாம் என் ஊகம்.

நீங்கள் எடுத்துக்காட்டிய மூன்று பொன்மொழிகளை முதலில் கொஞ்சம் சலித்துவிடலாம். 'வா, வா, நீ யாராக இருந்தாலும் வா' என்பது பாரசீகக் கவிஞர் ரூமியின் பெயரில் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் அவருடைய கவிதைகளின் நம்பகமான தொகுப்புகளில் அது இல்லை. அவர் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இறந்துபோன குராசான் ஞானி அபூ ஸயீத் அபுல் கைர் பெயரிலும் அதே பாட்டு வழங்குகிறது. 'பேசுவதற்கு முன் உன் சொல் மூன்று வாசல்களைத் தாண்டட்டும்' என்பதைச் சூஃபி வாக்கு என்கிறார்கள். நான் படித்த அரபு, பாரசீக நூல் எதிலும் அதைக் கண்டதில்லை. ராபியா அம்மையாரின் 'நரகத்துக்குப் பயந்து வணங்கினால் என்னை நரகத்தில் எரி' என்ற பிரார்த்தனை பழைய நூல்களில் உண்டு. ஆனால் அவர் பஸ்ராவில் மறைந்தது 801இல். அவரைப் பற்றி நாம் விரும்பிச் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை பாரசீகக் கவிஞர் அத்தாரின் கையால் நமக்கு வந்தவை, அதாவது ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. கதைகள் பொய் என்று சொல்லவில்லை. அவற்றை நாட்குறிப்பு மாதிரிப் படிக்கக்கூடாது, அவ்வளவுதான். பொன்மொழியை மட்டும் படித்து வாழ்க்கையை மாற்றப் புறப்பட்டால் இரண்டு வாரத்தில் மூச்சு வாங்கும். அதில் வழி இருக்காது, ஊர் பெயர் மட்டும்தான் இருக்கும்.

சரி, உறுதியான இடத்திலிருந்து தொடங்குகிறேன். தன்னைவிடப் பிறரை முந்த விடுவதற்குச் சூஃபிகள் வைத்திருக்கும் சொல் ஈஸார். வேர் குர்ஆனிலேயே இருக்கிறது. 59ஆவது அத்தியாயத்தின் 9ஆவது வசனம், மக்காவிலிருந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்த மதீனாவாசிகளைப் பற்றிச் சொல்லும்போது, தங்களுக்கே வறுமை இருந்தும் அவர்கள் பிறரை முற்படுத்தினார்கள் என்கிறது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் ஹதீஸ், அதாவது நபியவர்களின் சொல், செயல் பற்றிய செய்தி, ஒன்று உண்டு, புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சாப்பாடு. விருந்தாளி வந்துவிட்டார். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, விளக்கைச் சரிசெய்வது போலப் போய் அந்த அம்மா அதை அணைத்துவிடுகிறார். இருட்டில் கணவனும் மனைவியும் சாப்பிடுவது போல வாயை அசைக்கிறார்கள். விருந்தாளி வயிறு நிறையச் சாப்பிடுகிறார்.

சூஃபிகள் இந்த விளக்கை விடவே இல்லை. மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058–1111) சொல்லும் ஒரு கதையில், இன்றைய தெஹ்ரானுக்கு அருகே இருந்த ரய் நகரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கூடியிருக்கிறார்கள். ரொட்டி சிலதுதான். பிய்த்து நடுவில் குவித்து, விளக்கை அணைத்துவிட்டு உட்காருகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து விளக்கு வந்தபோது ரொட்டி வைத்தபடியே இருக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவர் சாப்பிடட்டும் என்று கையை நீட்டவே இல்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்ப யாருமே சாப்பிடலையா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவன் கேட்டது சரியான கேள்வி என்று பட்டது. முதல் விளக்குக் கதையில் ஒருவருடைய பசி தீர்ந்தது. இரண்டாவதில் முப்பது பேரும் நல்லவர்களாகவும் பட்டினியாகவும் எழுந்தார்கள். நீங்கள் இப்போது இருப்பது இரண்டாவது கதையில் என்று நினைக்கிறேன்.

ஈரானின் நிஷாப்பூரில் 9ஆம் நூற்றாண்டில் மலாமதிகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அவர்களில் பேர்போனவர் ஹம்தூன் அல் கஸ்ஸார். கஸ்ஸார் என்றால் துணி வெளுப்பவர். நல்லது செய்வதை மறைக்க வேண்டும், முடிந்தால் தன் மனசிடமிருந்தே மறைக்க வேண்டும் என்பது அவர்கள் வழி. சூஃபி உடை போடமாட்டார்கள், கடைத்தெருவில் மற்ற வியாபாரிகளைப் போலவே இருப்பார்கள். நஃப்ஸ் என்று அவர்கள் சொல்வது நமக்குள் இருந்துகொண்டு 'நான், எனக்கு' என்கிற அந்த ஆளை. தொழுகை, நோன்பு, தானம் எல்லாவற்றையும் நஃப்ஸ் தன் பேரில் வரவு வைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இவர்கள். சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்குகிறவரோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் நம் காலத்தை அவர்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

இந்த வழியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. தினமும் ஒரு காரியம், யாருக்கும் தெரியக்கூடாது, செய்யப்பட்டவருக்கே தெரியாவிட்டால் ரொம்ப நல்லது. சின்னதாக இருக்க வேண்டும். ஆபீஸ் தண்ணீர் கேன் தீர்ந்திருந்தால் மாற்றிவைப்பது, மாடிப்படியில் கிடக்கிற வாழைப்பழத் தோலை எடுத்துப்போடுவது, இந்த அளவு. பெரிதாகச் செய்தால் நஃப்ஸ் எழுந்து உட்கார்ந்து பேனாவை எடுத்துவிடும். சின்ன விஷயத்துக்கு அதுவே சோம்பல்பட்டு எழுதாமல் விட்டுவிடும். இது மட்டும் நூலில் உள்ளது இல்லை, நானே பழகிப்பார்த்தது.

ஆனால் மலாமதிகள் வழியில் ஒரு பள்ளமும் உண்டு. என் நிய்யத், அதாவது எண்ணம், சுத்தமா, இதில் பெருமை கலந்ததா என்று தோண்டிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு கணக்கு நோட்டுதான், அட்டை மட்டும் வேறு நிறம். 'எரிச்சல் வருகிறதே, அப்படியானால் நான் செய்ததெல்லாம் பொய்யா' என்று கேட்டிருக்கிறீர்களே, அது இந்தப் பள்ளம். இங்கே நான் நிஷாப்பூரை விட்டுவிட்டு டில்லிக்குப் போய்விடுவேன்.

கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் டில்லியில் போய் நிற்கும் ஸ்டேஷனின் பெயர் ஹஸ்ரத் நிஜாமுத்தீன். அந்தப் பக்கத்தில் அப்போது கியாஸ்பூர் என்றொரு கிராமம் யமுனைக் கரையில் இருந்தது. நிஜாமுத்தீன் அவ்லியா (1238–1325) அங்கேதான் கான்காஹ் வைத்திருந்தார். கான்காஹ் என்றால் மடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் வரும் காணிக்கை அன்றன்றைக்குப் பிரித்துக் கொடுக்கப்படும், வெள்ளிக்கிழமை களஞ்சியத்தைக் காலி செய்து பெருக்கிவிடச் சொல்வார். அவரைப் பற்றி நான் இவ்வளவு தைரியமாகப் பேசக் காரணம் இருக்கிறது. அவருடைய சீடர் அமீர் ஹஸன் ஸிஜ்ஸி, கவிஞர், படையில் சம்பளத்துக்கு இருந்தவர், 1308 முதல் சுமார் 15 ஆண்டுகள் ஷைகின் சபையில் கேட்டதைத் தேதி போட்டு எழுதிவைத்தார். ஷைகே அதை வாங்கிப் பார்த்திருக்கிறார். ஃபவாயிதுல் ஃபுஆத் என்ற அந்த நூல் இன்றும் இருக்கிறது. இதே பரம்பரையின் முந்தைய குருமார்கள் பெயரில் வழங்கும் சில உரைத் தொகுப்புகள் பிற்காலத்தில் யாரோ புனைந்தவை என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்த நூல் அப்படியல்ல.

அதில் அவர் சொல்லும் ஒரு பிரிவினை எனக்கு மிகவும் முக்கியம். வழிபாடு இரண்டு வகை என்கிறார். ஒன்று லாஸிமி: தொழுகை, நோன்பு, ஹஜ், தஸ்பீஹ் என்ற இறைத்துதி. அதன் பலன் செய்தவரோடு நின்றுவிடும். இன்னொன்று முதஅத்தீ: செலவழிப்பது, பரிவு காட்டுவது, இன்னொருவரைத் தேற்றுவது. அதன் பலன் அடுத்தவருக்குப் போய்ச் சேரும், அதற்கான நன்மைக்கு அளவே கிடையாது. அரபு இலக்கணம் படித்தவர்கள் இந்த இரண்டு சொல்லையும் பார்த்தவுடன் புன்னகைப்பார்கள், செயப்படுபொருள் குன்றிய வினையும் குன்றாவினையும்தான் இவை. தூங்கினான் என்றால் அவனோடு முடிந்தது. ஊட்டினான் என்றால் சாப்பிட்ட இன்னொருவர் இருக்கிறார்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. முதல் வகை ஏற்கப்பட வேண்டுமானால் மனம் சுத்தமாக இருக்க வேண்டும், இரண்டாவது வகையை எப்படிச் செய்தாலும் நன்மை உண்டு என்கிறார். இதை நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எவ்வளவு நிம்மதியான பேச்சு இது! பசித்தவன் சாப்பிட்டது சாப்பிட்டதுதான். உங்கள் மனசில் அந்த நேரம் பெருமை இருந்ததா, எரிச்சல் இருந்ததா என்பது அவன் வயிற்றுக்குத் தெரியாது. ஆகவே மனசு சுத்தமாகட்டும், பிறகு கொடுக்கிறேன் என்று காத்திருக்க வேண்டாம். எரிச்சலோடு கொடுத்தாலும் கொடுங்கள். எரிச்சலைத் தனியாகக் கவனித்துக்கொள்ளலாம்.

இந்த ஷைகு அனேகமாக எல்லா நாளும் நோன்பு. விடியலுக்கு முன் சஹர் உணவு கொண்டுவந்தால் ஏதோ கொஞ்சம் கொறிப்பார். பணியாள் கெஞ்சினால், பள்ளிவாசல் மூலைகளிலும் கடைத் திண்ணைகளிலும் எத்தனை பேர் பட்டினியாகப் படுத்திருக்கிறார்கள், இது என் தொண்டையில் எப்படி இறங்கும் என்று அழுவார் என அவருடைய வாழ்க்கையை எழுதிய அமீர் குர்த் எழுதிவைத்திருக்கிறார். இதை உங்களைச் செய்யச் சொல்லவில்லை. அது அவர். நமக்குச் செய்யக்கூடியதாக இருப்பது வேறொன்று.

அமீர் ஹஸனுக்கு ஒரு சமயம் சம்பளம் வராமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மனசு ஒடிந்து வந்து உட்கார்ந்தார். ஷைகு 'பொறுமையாக இரு' என்று சொல்லவில்லை. ஒரு கதை சொன்னார். ஓர் ஊரில் பணக்காரப் பிராமணர் ஒருவர் இருந்தார், அதிகாரி அவர் சொத்து முழுவதையும் பறித்துக்கொண்டான். ஒரு நாள் தெருவில் நடந்துபோகிறார், நண்பர் எதிரில் வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார். "நன்றாக, சந்தோஷமாக இருக்கிறேன்." "எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்களே, என்ன சந்தோஷம்?" "என் பூணூல் இன்னும் என்னிடம்தானே இருக்கிறது." அவ்வளவுதான் கதை. ஹஸனுக்கு அது தனக்குச் சொன்னது என்று புரிந்தது, மனம் லேசானது. ஒரு முஸ்லிம் ஞானி, சம்பளம் வராத ஒரு முஸ்லிம் சிப்பாயைத் தேற்ற, பிராமணரின் பூணூலை எடுத்து வைக்கிறார். அன்பு என்று நான் சொல்வது இந்தக் கைப்பக்குவத்தை. பணம் கொடுக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. எதிரில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் எது இறங்குமோ அதைக் கொடுத்தார். நீங்கள் கொடுப்பதில் எத்தனை, எதிரில் இருப்பவர் உண்மையில் கேட்டது என்று ஒரு நாள் பாருங்கள்.

இதற்கு எங்கள் பக்கத்துப் பயிற்சி ஒன்று உண்டு, நூலில் தேட வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் கல்யாணத்திலும் கந்தூரியிலும் சஹன் சாப்பாடு போடுவார்கள். பெரிய தட்டு, நடுவில் நெய்ச்சோறு, மேலே கறி, சுற்றி நான்கு பேர். ஒரே தட்டு. சின்ன வயதில் எனக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், யாரென்று தெரியாது. அவர் பக்கம் நல்ல துண்டு ஒன்று கிடந்தது. என் கண் அதன் மேல். அவர் பேசிக்கொண்டே, சோற்றை ஒதுக்குகிற மாதிரி விரலால் தள்ளினார், சரிந்து அது என் பக்கம் வந்துவிட்டது. என்னைப் பார்க்கவே இல்லை. 'எடுத்துக்கோ தம்பி' என்று சொல்லியிருந்தால் வெட்கத்தில் எடுத்திருக்கமாட்டேன். பிறகு ஒன்று கவனித்தேன். அவர் வயிறு நிறைந்த பிறகும் விரலைச் சோற்றில் அளைந்துகொண்டே இருந்தார். அவர் எழுந்தால் நாங்களும் பாதியில் எழவேண்டிவரும். கூட இருப்பவர் கூச்சப்படுவார் என்றால் அவருக்கு முன்னால் கையை எடுக்காதே, அவர் எடுக்கும் கவளத்தைப் பார்க்காதே என்று கஸ்ஸாலி எழுதியிருப்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது. நேர்ச்சைச் சோறு ஆக்கும் எங்கள் பண்டாரி இதையே இன்னும் சுருக்கிச் சொல்வார். நான் கரண்டி பிடித்த முதல் நாள், "வாங்குறவன் மூஞ்சியப் பாக்காதீங்க, பாத்திரத்தப் பாருங்க" என்றார். முகத்தைப் பார்த்தால் நன்றியைத் தேடுவோம். பாத்திரத்தைப் பார்த்தால் அது எவ்வளவு கொள்ளும் என்று தெரியும்.

கோபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிஜாமுத்தீன் சொன்னது: மனிதனுக்குள் நஃப்ஸ் இருக்கிறது, கல்பு என்கிற உள்ளமும் இருக்கிறது. ஒருவன் நஃப்ஸோடு வந்தால் நீ கல்போடு எதிர்கொள். நஃப்ஸும் நஃப்ஸும் மோதினால் அந்தச் சண்டைக்கு எல்லை கிடையாது. ஒருவன் முள் வைக்கிறான் என்று நீயும் முள் வைத்தால் எங்கும் முள்ளாகிவிடும் என்றும் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. டில்லியின் இந்திரபத்துப் பக்கம் ஒருவர் எப்போதும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆள் இறந்ததும் ஷைகு போய், அவருக்காகப் பிரார்த்தனை செய்துவிட்டு வந்தார். இன்னா செய்தாரை ஒறுத்தல் குறள் நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். ஆனால் அதன் கடைசிச் சொல்லைக் கவனித்திருப்போமா? 'செய்து விடல்' என்பதில் வரும் விடலுக்குப் பரிமேலழகர், அவர் செய்த தீமை, நாம் செய்த நன்மை இரண்டையும் மறப்பது என்று பொருள் சொல்கிறார். தீமையை மறப்பது கூடப் பரவாயில்லை. நாம் செய்த நன்மையை மறப்பதுதான் கஷ்டம். அந்த நோட்டைத்தான் இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது பக்கத்து சீட்டுக்காரர். அவருடைய ரிப்போர்ட்டை நீங்கள் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து முடித்துக் கொடுப்பது ஈஸார் ஆகாது என்பது என் கருத்து. ஈஸார் என்பது தேவையில் இருப்பவரை முந்த விடுவது. அவருக்குத் தேவை இல்லை, சௌகரியம்தான் இருக்கிறது. அதுவும் உங்கள் வீட்டில் காத்திருப்பவர்களின் நேரத்தை எடுத்துக் கொடுக்கிறீர்கள். நபித்தோழர் அபூதர்தா இரவெல்லாம் வணக்கம், பகலெல்லாம் நோன்பு என்று இருந்தபோது நண்பர் ஸல்மான் தடுத்துச் சொன்னார்: உன் இறைவனுக்கு உன்மேல் உரிமை உண்டு, உன் உடலுக்கும் உண்டு, உன் குடும்பத்துக்கும் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு. அவர் சொன்னது உண்மை என்று நபியவர்கள் சொன்னதாக புகாரியில் இருக்கிறது. ஆகவே 'இன்றைக்கு முடியாது, வீட்டுக்குப் போக வேண்டும்' என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். சொல்லாமல் செய்துகொடுத்துவிட்டு உள்ளே கொதிப்பதைவிட அவருக்கும் அது நல்லது. வேலை போய்விடுமோ, பெயர் கெடுமோ என்ற பயத்தில் செய்வதை அன்பு என்று நாமே பெயர் மாற்றிக்கொள்வதும் உண்டு. உங்கள் விஷயத்தில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நீங்கள் மட்டும்தான் பார்க்க முடியும்.

முஸ்லிமாக இல்லாமல் இதெல்லாம் முடியுமா என்பதற்கு இரண்டு பதில். திக்ரு என்ற இறைநாம நினைவு, முராகபா என்ற தியானம், ஒரு ஷைகின் கீழ் இருப்பது போன்றவை அந்த மார்க்கத்தின் உள்ளே இருப்பவை. அவற்றைத் தனியே பிய்த்து எடுத்து யோகா வகுப்பு மாதிரி நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை, வேறு அறிஞர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். சோறு போடுவதற்கும் கடன் அடைப்பதற்கும் யார் அனுமதியும் தேவையில்லை. அப்புறம், ராத்திரியில் தூக்கம் வராமல் அந்த எண்ணம் பல வாரமாகத் தொடர்கிறது என்றால் அதை ஞான விஷயமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். அது என் படிப்புக்கு அப்பாற்பட்டது.

சங்கிலிக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவசரத்துக்குத் தங்கையின் சங்கிலியை வாங்கி அடகு வைத்தீர்கள், இன்னும் மீட்கவில்லை, அவளும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் இல்லத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நிஜாமுத்தீன் இளைஞராக, குரு பாபா ஃபரீதிடம் அஜோதனில் இருந்த காலம். இன்றைய பாகிஸ்தானின் பாக்பட்டன் அது. மடத்தில் வறுமை. காட்டுக்காயைப் பறித்து வந்து வேகவைத்துத்தான் எல்லோருக்கும் சாப்பாடு. சமையல் நிஜாமுத்தீனுடையது. ஒரு நாள் உப்பு இல்லை. குருவும் மற்றவர்களும் சப்பென்று சாப்பிட வேண்டுமே என்று, மளிகைக் கடையில் கடனுக்கு உப்பு வாங்கிப் போட்டுவிட்டார். பாபா ஃபரீது கவளத்தை எடுத்தார், கை கனக்கிறது என்று திரும்ப வைத்துவிட்டார். விசாரித்தபோது உப்பு கடன் என்று தெரிந்தது. ருசிக்காகக் கடன்படுவதைவிடப் பட்டினியாகச் சாவது மேல் என்றார். அன்றைக்கு அந்தச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. நிஜாமுத்தீன் மற்றவர்களுக்காகத்தான் உப்பு வாங்கினார், எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் அந்த நன்மை இன்னொருவர் கணக்கில் ஏறி நின்றது. நீங்கள் இல்லத்துக்கு அனுப்பும் ஆயிரத்தில் உங்கள் தங்கையின் உப்பு இருக்கிறது.

உங்கள் எரிச்சலுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் எங்கே தொடங்குவது என்று கேட்டதற்கு என் பதில் இது. அந்த ஆயிரத்தைச் சில மாதம் அடகுக் கடைப் பக்கம் திருப்புங்கள். தங்கையிடம் போய், மறக்கவில்லை என்று வாயால் சொல்லுங்கள். இல்லத்துக்கு அப்புறம் அனுப்பலாம்.

முழுத் தொகையும் சேரட்டும், அப்புறம் போய்ச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். பாபா ஃபரீது சபையில் அடிக்கடி, உன்மேல் உரிமை உள்ளவர்களை முதலில் சமாதானப்படுத்து என்று சொல்வாராம். நிஜாமுத்தீனுக்கு டில்லியில் விட்டுவந்த இரண்டு விஷயம் உறுத்தியது. ஒரு துணிக்காரருக்கு 20 ஜீத்தல் பாக்கி, ஜீத்தல் என்பது அந்தக் காலத்து நாணயம். ஒருவரிடம் இரவல் வாங்கிய புத்தகம் தொலைந்துபோயிருந்தது. ஊர் திரும்பியதும் துணிக்கடைக்குப் போனார். கையில் இருந்தது 10 ஜீத்தல். இருபதையும் ஒரே தடவையில் தர என்னால் ஆகவில்லை, இதை வாங்கிக்கொள்ளுங்கள், மீதியைப் பிறகு கொண்டுவருகிறேன் என்று நீட்டினார். துணிக்காரர் பத்தை வாங்கிக்கொண்டு மற்ற பத்தை விட்டுவிட்டேன் என்றார். அங்கிருந்து புத்தகக்காரர் வீட்டுக்கு. தொலைந்துவிட்டது, எங்கிருந்தாவது பிரதி எடுத்து எழுதித் தருகிறேன் என்றார். நீங்கள் போய்வந்த இடத்தின் பலன் இப்படித்தான் இருக்கும், புத்தகம் உங்களுக்கே என்று அவர் சொல்லிவிட்டார். பிற்காலத்தில் டில்லியே கும்பிட்ட அந்த மனிதர் இந்த இருபது ஜீத்தலைத் தன் சபையில் தானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஹஸன் அதையும் எழுதிவைத்திருக்கிறார்.